தொட்டி மேட்டில் உன்னைத் திட்டிய நாள்

உன் மழைச்சட்டையை இன்று காலைதான் முதல் தடவையாகப் போட்டுக்கொண்டேன். உன் வீட்டை ஒழித்துக் கொடுத்த அன்று அதை எடுத்து வந்து என் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியதோடு சரி. பிறகு தொடவில்லை. இன்று விடியும்போதே மழை. என் குடையை இவர் லோரியில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நானோ தொட்டி மேட்டுக்குப் போயே ஆகவேண்டும். வேறு வழியில்லாமல் அதை எடுத்துத் தலைவழியாக மாட்டினேன். உள்ளே நீ இருந்தாய். பிளாஸ்டிக் வாசனைக்கு அடியில் பச்சைக் கொழுந்தின் வாசனை. அதற்கும் அடியில், கழுத்துப் பட்டியில், காலையும் மாலையும் நீ தேய்த்துக்கொள்வாயே, அந்தத் தைலத்தின் காரம். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

தொட்டி மேடு உனக்குத் தெரியும். மேல் லயத்து வீட்டு வரிசைக்கும் மேலே, தண்ணீர்த் தொட்டி கட்டிய இடம். பள்ளத்தில் கிடக்கிற நம் லயத்தில் இன்னும் கைப்பேசிக்கு லைன் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. எழுதி அனுப்பினால் எப்போதாவது வந்து சேரும்; பேச முடியாது. பேசவேண்டும் என்றால் மேட்டுக்குத்தான் ஏறவேண்டும். நேற்று துர்கா எழுதியிருந்தாள்: "மா, நாளைக்குக் காலையில மேட்டுக்கு வா. பேசணும்." அவ்வளவுதான். என் மகள் அப்படி எழுதினால் அதற்கு என்ன பொருள் என்று இப்போது எனக்குத் தெரியும். போன வருடம்வரை தெரியாது.

அவள் என்ன சொன்னாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உன்னோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. நீ உயிரோடு இருந்தபோது அதைப் பேசித் தீர்க்க முடியவில்லை. பேசாமல் விட்டது ஒரு பக்கம் அரித்துக்கொண்டே இருக்கிறது.

நம் இருவரில் வாய் உனக்கு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான். எனக்குக் கோபம் வந்தால் அழுகை வரும். உனக்கு அழுகை வந்தால் கோபம் வரும். கல்யாணமாகி நான்கு வருடத்தில் உன் புருஷன் காய்ச்சலில் போனபோதுகூட நீ ஆஸ்பத்திரி வாசலில் நின்று சாமியைத்தான் திட்டினாய். அந்த வசவைக் கேட்டு அழ வந்தவர்களே அழுகையை நிறுத்திவிட்டார்கள். பிள்ளை இல்லை, வேறு துணையும் இல்லை. ஆனாலும் தேயிலை நிரையில் நீ நின்றால் அந்த மலைச்சரிவு முழுக்க உன் சத்தம்தான். கொழுந்து பறிக்கிற கை ஒருபக்கம், வாய் ஒருபக்கம். நான் பக்கத்து நிரையில் கேட்டுக்கொண்டே பறிப்பேன்.

மண் சரிந்த அந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். துர்கா அப்போது என் வயிற்றில். இவர் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலைக்குக் கீழே தாப்பாவுக்கு இறங்கியிருந்தார். இரவெல்லாம் மழை கொட்டி ஓய்ந்த காலை. கணக்கு எழுதும் கிராணி ஆபீசிலிருந்து ஓடிவந்து சொன்னார், ரிங்லெட்டுக்குக் கீழே சாலையில் மண் சரிந்துவிட்டதாம், ஒரு லோரி அடியில் மாட்டிக்கொண்டதாம் என்று. யார் லோரி என்று அவருக்குத் தெரியவில்லை. அப்போது ஏது கைப்பேசி. நான் நிரைக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ முதுகுக் கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தாய்.

"எந்திரிடி சாந்தி."

"கால் வரலடி."

"இங்க ஒக்காந்து அழுவுறத அங்க போயி அழு. எந்திரி."

ரிங்லெட்வரைக்கும் காய்கறி வேனில். அதற்குக் கீழே நடை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான், என் கையைப் பிடித்துக்கொண்டு நீ. சாலை முழுக்கச் செம்மண் குழம்பு. ஒரு வளைவில் போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார். உனக்கு மலாய் அரையும் குறையும்தான். அது ஒருநாளும் உன்னை நிறுத்தியதில்லை. "இவ வயித்தப் பாரு! பெருட் பெசார்! கண்ணு தெரியல உனக்கு? இவ லாக்கி, இவ புருஷன் அங்க இருக்கான்!" என்று தமிழையும் மலாயையும் கலந்து நீ போட்ட சத்தத்தில், அந்த மனிதர் என் வயிற்றைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், வழி விட்டார்.

வரிசையாக நின்ற வண்டிகளைத் தாண்டித் தாண்டிப் போனோம். ஒவ்வொரு லோரியின் பின்பக்கத்தையும் பார்க்கும்போது என் உயிர் போய்ப் போய் வந்தது. சரிவுக்கு முன்னால், ஏழெட்டு வண்டி தள்ளி, நம் தோட்டத்து லோரி நின்றது. உள்ளே ஸ்டியரிங்கில் தலை சாய்த்து இவர் தூங்கிக்கொண்டிருந்தார். ரிங்லெட்டில் பசியாறிவிட்டு வர இவர் கொஞ்சம் சுணங்கியதில் தப்பித்திருக்கிறார். நான் அழ ஆரம்பித்தேன். நீ கதவை இரண்டு கையாலும் குத்தினாய்.

"அடப்பாவி! மாசமா இருக்கறவ சேத்துல நடந்து வரா, நீ தூங்குற? எறங்குடா கீழ!"

இவர் பதறிப்போய் இறங்கியபோது அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாய். வரிசையில் நின்ற சீனர்களும் மலாய்க்காரர்களும் இறங்கிவந்து வேடிக்கை பார்த்தார்கள். இவர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அதற்கப்புறம் நீ செய்ததைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டார்.

மண்ணுக்கு அடியில் உண்மையாகவே ஒரு லோரி இருந்தது. கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிவந்தது. சாலை ஓரத்தில் ஒரு பெண், நம் வயதுதான், கல்லின் மேல் உட்கார்ந்து அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் போகவில்லை. என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நீ போனாய். உன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வாயைத் திறக்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாய். அவளுடைய ஆட்கள் வந்து சேரும்வரை அப்படியே இருந்தாய். லயத்துக்கு வந்தபின் என் வீட்டு வாசலில் நின்று, "புள்ள பொறந்தா எனக்கும் அதுல பங்கு உண்டு, சொல்லிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய்.

பங்கை நீ விடவே இல்லை. துர்கா இரண்டு வாசலில் வளர்ந்தாள். காய்ச்சல் என்றால் நான் சாமிக்கு முடிந்துவைப்பேன். நீ அவளைத் தூக்கிக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரை ஒரு வழி பண்ணிவிட்டு வருவாய். அவள் பள்ளிக்கூட பஸ் தாமதமானால் நான் வாசலில் நிற்பேன். நீ சாலையில் போய் நிற்பாய். அவள் "மிஸ்ஸி படிப்புக்குப் போறேன் பெரியம்மா" என்று முதலில் சொன்னதும் உன்னிடம்தான். ஈப்போவில் நர்ஸ் வேலை கிடைத்து, மாதம் ஒருமுறை மலையேறி வருவாள். அந்தத் தூரத்துக்கே எனக்குத் தூக்கம் வராது.

பிறகு உன் வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். அவள் வேலை செய்த ஈப்போ ஆஸ்பத்திரியிலேயே உன்னைச் சேர்த்தோம். அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்கு ஏதோ ஒரு தீவு ஆஸ்பத்திரியில் வேலை வந்தது. கரீபியன் கடல் என்றாள். வரைபடத்தில் காட்டினாள். உலகத்தின் மறுபக்கம், நீலத்தில் எறும்பு ஏறியதுபோல ஒரு புள்ளி. என் பேச்சை அவள் கேட்கமாட்டாள். உன் பேச்சைக் கேட்பாள். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைக் கெஞ்சினேன்.

"நீ சொன்னா கேப்பா. போவாதன்னு ஒரு வார்த்த சொல்லுடி."

உன் சத்தமெல்லாம் அதற்குள் வற்றிப்போயிருந்தது. காற்றுப்போல ஒரு குரல்தான். துர்கா வேலை முடிந்து உடை மாற்றாமல் அப்படியே வந்தாள். நீ அவள் கையைப் பிடித்து, "எப்ப பிளேனு?" என்று கேட்டாய்.

"இன்னும் முடிவு பண்ணல பெரியம்மா. நீங்க இப்படி இருக்கறப்ப..."

"நான் இப்படியேவா இருக்கப் போறேன்? போ. நல்லாப் போயிட்டு வா."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. குடிக்கத் தே வாங்கிவருகிறேன் என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். கீழே கேண்டீனில் வெகுநேரம் நின்றேன். திரும்பி வந்தபோது நீங்கள் இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தீர்கள். உன்னோடு தனியாகப் பேசவேண்டும், ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கவேண்டும் என்று வைத்திருந்தேன். அடுத்த வாரமே உனக்குப் பேச்சு நின்றுவிட்டது. துர்கா பயணத்தைத் தள்ளிப்போட்டாள். கடைசியில் உன்னைத் துடைத்து, உடுத்தி, தலைவாரி அனுப்பியது அவள்தான். காரியமெல்லாம் முடிந்தபின் பிளேன் ஏறினாள்.

இதுதான் என் வழக்கு. அவளை அனுப்பியது நீ. அனுப்பிவிட்டு நீயும் போய்விட்டாய். கவலைப்பட நான் ஒருத்தி மட்டும்.

போன வருடம் ஒரு நாள் இதே போல் எழுதியிருந்தாள், மேட்டுக்கு வா மா என்று. சம்பள உயர்வு, கல்யாணப் பேச்சு என்று எதையோ நினைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு ஏறிப் போனேன்.

"மா, இங்க ஒரு சூறாவளி வருது. பெருசு. நேரா எங்க தீவு மேலதான் வரும்னு சொல்றாங்க."

"அப்ப கெளம்பி வந்துடு."

"போறவங்க போலாம்னு சொல்லிட்டாங்க. கடைசி பிளேன்ல எடம் கூட இருக்கு. நான் போவல மா."

"ஏன் போவல?"

"வார்டுல சின்னக் கொழந்தைங்க இருக்கு மா. மாசம் நெறையாம பொறந்ததுங்க. அதுங்கள பிளேன்ல ஏத்த முடியாது. கூட யாராவது இருக்கணும்."

"யாராவது இருக்கட்டும். நீ ஏன் இருக்கணும்?"

"எல்லார் வீட்டுலயும் அதத்தான் கேக்கறாங்க மா."

எனக்கு அழுகை முட்டியது. "பயமா இருக்கா பாப்பா?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்வாள் என்று நினைத்தேன். எந்தப் பிள்ளையும் அப்படித்தானே சொல்லும்.

"இருக்கு மா. ரொம்ப இருக்கு. ஜன்னல் எல்லாம் பலக போட்டு அடிச்சிட்டாங்க. மேல் மாடி கூரை தாங்குமான்னு தெரியலன்னு சொல்றாங்க. லைன் போயிடும். கொஞ்ச நாளைக்குக் கூப்பிட மாட்டேன். அதுக்காகத்தான் இப்பவே சொல்றேன்."

ஏன் இப்படி எல்லாவற்றையும் கொட்டினாள் என்று அன்று எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. ஒன்றும் இல்லை மா, சின்ன மழைதான் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் எனக்கு அந்த ஒரு நாளாவது சோறு இறங்கியிருக்கும்.

அவளுக்கு இரவென்றால் நமக்குப் பகல். அந்தக் காற்று அவள் தலைக்கு மேல் சுற்றிய நேரமெல்லாம் இங்கே நல்ல வெயில். மலை அப்படிப் பச்சையாக, அப்படி அமைதியாக இருந்தது. சுற்றுலா வந்தவர்கள் தேயிலைச் செடிக்கு நடுவில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஃபேக்டரியில் பாக்கெட் போடும் இடத்தில் நின்றேன். கை பாட்டுக்குச் செய்தது, கண் கைப்பேசியில். தொழிலாளி ஒருத்தி தன் கைப்பேசியில் அந்தச் சூறாவளியின் படத்தைத் திறந்து காட்டினாள். வெள்ளையாகச் சுழன்றது. கஞ்சி கொதிக்கும்போது நடுவில் ஒரு குழி விழுமே, அதுபோல. அந்தக் குழிக்கு அடியில் நம் துர்காவின் தீவு. அதன்பிறகு என்னால் நிற்க முடியவில்லை. லேபிளைத் தலைகீழாக ஒட்டுகிறேன் என்று சூப்பர்வைசர் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் மட்டும் நிற்க முடிந்ததா? அடுப்பில் வைத்ததை மறந்தேன். துவைத்ததையே மறுபடியும் துவைத்தேன். மேட்டுக்கு ஏறுவேன், அவள் நம்பரை அழுத்துவேன், எந்த மொழி என்று தெரியாத ஒரு குரல் ஏதோ சொல்லும், இறங்குவேன். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், நான் இறங்கிய நேரத்தில் கூப்பிட்டிருந்தால் என்ன பண்ணுவது என்று தோன்றும். மறுபடி ஏறுவேன். இவர் லோரியைக் கழுவிக்கொண்டே இருந்தார். காலையில் கழுவினார், மத்தியானமும் கழுவினார். பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்து ரேடியோவைத் திருப்பினார். செய்தியில் அந்தச் சூறாவளியைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

"நம்ம புள்ள இருக்கற ஊருக்கு ஒரு வரிதான் பாத்தியா" என்றார்.

"அணைங்க அத" என்றேன்.

அணைக்கவில்லை. அடுத்த செய்திக்காக அந்தப் பாட்டையெல்லாம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மண் சரிந்த அன்று மாசமாக இருந்தவளை நடக்கவிட்டுத் தூங்கிய மனிதர் இவர்தானா என்று இருந்தது.

சாயங்காலம் மறுபடி மேட்டில் நின்றேன். லைன் இல்லை. சுற்றிலும் யாருமில்லை. என்னமோ ஆகிவிட்டது எனக்கு. உன்னைத் திட்ட ஆரம்பித்தேன்.

"நீதானடி அனுப்பின! போன்னு சொன்னியே, இப்ப வந்து பாரு! உனக்கென்ன, படுத்துட்ட! புள்ளையில பங்கு வேணும்னு கேட்டியே, இப்ப எங்கடி போன? வாடி! வந்து நில்லுடி எங்கூட!"

இப்படித்தான். இன்னும் என்னென்னவோ. நீ திட்டுகிற வார்த்தையெல்லாம் என் வாயில் வந்தது. அவ்வளவு சத்தமாக நான் என் ஆயுளில் பேசியதில்லை. தொட்டியில் பட்டு என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. மூச்சு வாங்கித் திரும்பினால், பைப்பைப் பார்க்க வந்த கரீம் கையில் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருக்கிறான். உனக்கு அவனைத் தெரியாது. வங்காளதேசத்துக்காரன், நாற்பது வயதிருக்கும். உன் வீட்டில் இப்போது அவன்தான் இருக்கிறான். நம்மோடு பழகிப் பழகி அரைகுறையாகத் தமிழ் பேசுவான்.

முகமெல்லாம் சந்தோஷமாக, "அக்கா! லைன் கெடச்சாச்சா?" என்றான்.

"கெடைக்கல."

"அப்ப யார்கிட்ட சத்தம் போட்டது?"

"செத்துப்போனவகிட்ட."

அவன் சிரிக்கவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தான். "அக்கா, எங்க ஊரு கடல் பக்கம். வருசா வருசம் காத்து வரும். காத்து வந்தா மொதல்ல டவர் விழும். லைன் இல்லன்னா டவர் இல்ல. ஆள் இல்லன்னு இல்ல. நான் இங்க வந்த புதுசுல காத்து வந்திச்சு. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், லைன் இல்ல. நான் சாப்பிடல, வேலைக்குப் போகல. பிறகு லைன் வந்தான். எங்கம்மா சொல்றாங்க, நாங்க அன்னிக்கே மீன் கொழம்பு வெச்சு சாப்பிட்டோம்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு சேர்ந்துதான் வந்தது. அவன் பைப் வேலையைப் பார்க்கவில்லை. இருட்டும்வரை சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, என்னோடு கூடவே இறங்கி வந்தான்.

மறுநாளும் சேதி இல்லை. அதற்கு மறுநாள் பொழுது சாய்கிற நேரம், தெரியாத ஒரு நம்பரிலிருந்து வீட்டுக்கே எழுத்து வந்தது. "மா நான் துர்கா. நல்லா இருக்கேன். வேற ஆள் போன். பிறகு பேசறேன்." நான் படித்துக்கொண்டே இருக்கிறேன், பொருள் மண்டையில் ஏறவில்லை. இவர்தான் வாங்கிப் படித்தார். படித்துவிட்டுக் கைப்பேசியை என் கையில் கொடுத்தார். லோரியில் போய் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்து இறங்கியபோது முகம் கழுவியிருந்தார்.

அவள் குரலைக் கேட்க இன்னும் ஒரு வாரம் ஆனது. அன்று இரண்டு பேருமாக மேட்டில் நின்று கேட்டோம். மேல் மாடிக் கூரை போய்விட்டதாம். தகரம் உரிகிற சத்தம், பெரிய மிருகம் எதுவோ துணியைக் கிழிப்பதுபோல இருந்ததாம். மழைத் தண்ணீர் வார்டுக்குள் இறங்கியதும், பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கீழ் மாடிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கரண்ட் இல்லை. சூடு வைக்கிற பெட்டி ஓடவில்லை. பெட்டி இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளுக்கு மனுஷ உடம்புச் சூடுதான். ஆளுக்கு ஒன்றாக எடுத்துச் சட்டைக்குள் விட்டு, நெஞ்சோடு நெஞ்சாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, படிக்கட்டுக்கு அடியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

"எங்கிட்ட ஒரு பொம்பளப் புள்ள மா. நம்ம வீட்டுப் பூனக்குட்டி அளவுதான் இருக்கும். அது மூச்சு விடறது எனக்கு இங்க தெரியும். காத்து சத்தத்துல ஒண்ணும் கேக்கல. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல, வாய் விட்டுத் திட்ட ஆரம்பிச்சிட்டேன்."

"யார?"

"காத்தத்தான். பெரியம்மா திட்டுவாங்களே, அந்த மாதிரி. ஏய் நாசமாப் போறவனே, உனக்கு வேற எடம் இல்லையா, இந்தப் பச்சப் புள்ளைங்கதான் கெடச்சுதா, போடா அந்தாண்டன்னு. ராவெல்லாம் திட்டினேன் மா. பக்கத்துல இருந்த நர்சு, இது உங்க ஊரு ஜெபமான்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன்."

"புள்ளைங்க?" என்று இவர் கேட்டார்.

"எல்லாம் இருக்குப்பா. எல்லாமே இருக்கு."

இவர் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் மனதில் கிடந்ததைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஏன் முன்னாடியே எல்லாவற்றையும் சொன்னாய், சொல்லாமல் இருந்தால் நான் இந்தப் பாடு பட்டிருக்கமாட்டேனே என்று கேட்டேன்.

"பெரியம்மாதான் மா சொன்னாங்க. ஆஸ்பத்திரியில. நீ தே வாங்கப் போனியே, அப்ப."

"என்ன சொன்னா?"

"அங்க போயி ஒங்கம்மாகிட்ட பொய் சொல்லாத. நல்லதுன்னாலும் சொல்லு, ஆபத்துன்னாலும் சொல்லு. எல்லாரும் அவள பயந்தவன்னு நெனைக்கிறீங்க. அவ பயப்படுவாதான். ஆனா தாங்குவா. வயித்துல புள்ளையோட அந்தச் சேத்துல அவ்வளவு தூரம் நடந்தவ. நான் இழுத்துட்டுப் போனேன்னு நெனைக்கிறா. பாதி வழியில எனக்குத்தான் கால் வரல, அவதான் என்ன இழுத்துட்டுப் போனா. அப்படின்னாங்க மா."

எனக்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சேறு நினைவிருக்கிறது, உன் கை நினைவிருக்கிறது. யார் யாரை இழுத்தோம் என்பது இல்லை. நீ பொய்யும் சொல்கிறவள்தான். பிள்ளைக்குத் தைரியம் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். உன்னைக் கேட்கவும் வழியில்லை. அன்றிலிருந்து எனக்கு அதுவேறு அரிக்கிறது.

அவள் விடுமுறைக்கு வந்தாள், ஒரு வாரம் தூங்கினாள், உன் வீட்டு வாசலில் கரீமோடு உட்கார்ந்து அவன் ஊர்க் கதையெல்லாம் கேட்டாள். திரும்பிப் போய்விட்டாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன். மழையில் உன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறினேன். லைன் கிடைத்தது.

"மா, இன்னொண்ணு வருது. இந்தப் பக்கம்தான் திரும்பும்போல இருக்கு. இந்தத் தடவையும் நான் இருக்கேன்னு சொல்லிட்டேன்."

மழை தலையில் அடித்துக்கொண்டிருந்தது. வந்துடு என்பது தொண்டைவரை வந்து நின்றது. அதை முழுங்கிவிட்டு, "சொல்லு. முழுசாச் சொல்லு" என்றேன். சொன்னாள். கூரை புதிதாகப் போட்டிருக்கிறார்கள், ஆனால் இன்னும் ஒரு பெரிய காற்றைப் பார்க்காத கூரை. பிள்ளைகள் போன தடவையைவிட அதிகம். குடிதண்ணீர் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். யார் யார் கூட இருக்கிறார்கள், எந்தப் படிக்கட்டு, ராத்திரிக்குச் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். சிலதைக் கேட்காமலே இருந்திருக்கலாம். ஆனாலும் கேட்டேன்.

"மா, நீ சரியா இருக்கியா?" என்றாள்.

"இல்ல. ஆனா நீ வேலையப் பாரு" என்றேன்.

அந்தப் புயல் இன்னும் கடலில்தான் இருக்கிறது. நாளையோ மறுநாளோ லைன் போகும். இவர் லோரியைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. இதை எழுதுகிற இந்தக் கொஞ்ச நேரம்தான் கை ஓரிடத்தில் இருக்கிறது. உன்மேல் வைத்த வழக்கு தீரவில்லை, அதைத் தீர்த்துக்கொள்ளவும் இப்போது நேரமில்லை. தாங்குவேனா என்று எனக்குத் தெரியாது. தாங்குவாள் என்று நீ என் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அவளும் அதை நம்பித்தான் எனக்கு எல்லாவற்றையும் சொல்கிறாள்.